மரத்துக்கு ஆகாத வெயில்

(தோட்டக் கிளையின் பொதுக்கூட்டத்தில் செயற்குழு உறுப்பினரான தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளப் பேச்சைக் கேட்க வந்திருக்கும் உங்களிடம் வெயிலைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி தலைவர் பணித்திருக்கிறார். விசிறிக்கடியில் உட்கார்ந்திருக்கும் கிராணியா நமக்கு வெயிலைப் பற்றிச் சொல்வது என்று பின்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். அந்த விசிறிக்கடியில் உட்கார்ந்து நான் செய்த ஒரு காரியத்தைத்தான் முதலில் சொல்லப் போகிறேன்.

2016-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். வெயிலின் கொடுமையால் பெர்லிசிலும் கெடாவின் சில பகுதிகளிலும் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அப்பொழுது வேறொரு தோட்டத்தில் எனக்கு வேலை. அங்கே பெரட்டு வழக்கம்போல் நடந்தது. மறுநடவுக் காட்டில், முழங்கால் உயரக் கன்றுகளுக்கு நடுவே, கையகல நிழலும் இல்லாத இடத்தில் களை வெட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாள், பதினொரு மணிக்குத் தலைவலி, குமட்டல் என்று திரும்பிவிட்டார். நான் செக்ரோலில் அரைநாள் என்று எழுதினேன். மறுநாளும் அதே தலைவலி. அரைநாள் கூலி போய்விடுமே என்று அஞ்சி, திரும்பாமல் நின்று வேலை செய்தார். ஒரு மணிக்குமேல் சம்பந்தமில்லாமல் பிதற்றினார், விழுந்தார். உயிர் பிழைத்தார் என்றாலும் மீண்டும் காட்டு வேலைக்கு வரவில்லை. அன்று அவரை வெயிலில் நிறுத்தி வைத்தது என் பேனா.

நாம் ஏன் விடியுமுன் பால் வெட்டப் போகிறோம்? குளிர்ந்த வேளையில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். மரத்துக்கு வெயில் ஆகாது என்று தெரிந்து அதற்கு நேரம் ஒதுக்கிய நிர்வாகம், மனிதனுக்கும் ஒரு நேரம் ஒதுக்கக் கூடாதா? வெட்டுக்காரருக்காவது மரத்து நிழல் உண்டு. மறுநடவிலும், மருந்தடிப்பிலும் நிற்பவர்களுக்கு அதுவும் இல்லை. மருந்தடிப்பவர் முகமூடியும் ஏப்ரனும் பூட்ஸும் போட்டுக்கொண்டு வேகிறார். அவற்றைக் கழற்றினால் விஷம், போட்டிருந்தால் சூடு. அந்த வேலையைக் காலையிலேயே முடிப்பதுதான் வழி.

வியர்வை வழிந்தால் மட்டும் உடம்பு குளிராது. அது காய்ந்தால்தான் குளிரும். நம் நாட்டு ஈரக்காற்றில் அது எளிதில் காய்வதில்லை. ஆகவே தாகம் எடுக்கும்வரை காத்திராமல் கால்மணிக்கொரு தரம் ஒரு குவளை தண்ணீர் குடிக்க வேண்டும். முதல்நாள் இரவு சம்சு குடித்தவருக்கு மறுநாள் வெயில் இரட்டிப்பாகும். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

தலைவலி, கிறக்கம், குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு வந்தால் உடனே வேலையை நிறுத்தி நிழலுக்கு வந்துவிட வேண்டும். பேச்சு தடுமாறினாலோ, நினைவு தப்பினாலோ அது உயிருக்கு ஆபத்து. உடற்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். வியர்வை இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். சுற்றி நின்று தைலம் தேய்ப்பதை விடுங்கள். உடையைத் தளர்த்தி, தலைமுதல் கால்வரை தண்ணீரை ஊற்றி, விசிறுங்கள். பனிக்கட்டி கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். ஒருவர் குளிர்விக்கும்போதே இன்னொருவர் 999-ஐ அழைக்கட்டும். லோரி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கக் கூடாது. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றவே கூடாது.

இங்கே நேப்பாளத் தோழர்களும் வங்காளதேசத் தோழர்களும் இருக்கிறார்கள். புதிதாக வந்தவர் எவராயினும், நீண்ட லீவு முடிந்து வந்தவராயினும், உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை, பிறகு நாளுக்கு நாள் கூட்டுவது என்பதுதான் முறை. முதல் நாளே முழு வேலையைக் கொடுத்து, "பயல் சோம்பேறி" என்று மண்டோர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நாம் சிரித்ததுண்டு. அந்தச் சிரிப்பை இன்றோடு விட்டுவிடுவோம்.

வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் 1994-இல் வந்தது. அதன் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து என்று நம்புவதற்குத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், வேலையிடத்தை விட்டு விலகும் உரிமையை அது நமக்குத் தருகிறது. ஆனால் உரிமையைப் பயன்படுத்தியவருக்குக் கிராணி அரைநாள் எழுதினால் அந்த உரிமையால் என்ன பயன்?

ஆகவே செயற்குழு ஒரு தீர்மானம் கொண்டுவருகிறது. மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரிக்குக் குறையாமல் வெயில் அடித்தால் வானிலை இலாகா எச்சரிக்கை விடுகிறது. அந்த நாட்களில் வெளிக்காட்டு வேலை பதினொரு மணிக்கு நிற்க வேண்டும். நாள் கூலி முழுதாக எழுதப்பட வேண்டும். மறுநடவுக் காட்டில் நிழற்கொட்டகையும் தண்ணீர்த் தொட்டியும் வேண்டும். வெயிலால் திரும்பியவருக்கு அரைநாள் எழுதுவதில்லை என்று நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும். அந்தக் கடிதம் என் மேசைக்கு வந்தால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

செயலாளர் இப்பொழுது தீர்மானத்தை வாசிப்பார். மலாய் மொழியிலும் வாசிக்கும்படி கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.