பாக்கிப் புத்தகமும் கல்பும்



ஆன்மிகம் என்றதும் நமக்குத் தொழுகை, நோன்பு, திக்ரு மஜ்லிஸ் நினைவுக்கு வரும். சரிதான். ஆனால் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவின் நாற்பது பகுதிகளில் ஒன்றைச் சம்பாத்தியத்துக்கென்றே ஒதுக்கினார்கள். குர்ஆனின் மிக நீளமான ஆயத்தும், அல்பகராவின் 282, கடனை எழுதிவைப்பதைப் பற்றித்தான் பேசுகிறது. வியாபாரிகளான நாம் யோசிக்க வேண்டிய இடம் இது.

இந்த நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நம் அத்தாமார்கள் கடை வைத்திருந்தார்கள். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் 555 புத்தகத்தில் ஏறும். சம்பள நாளில் அடிக்கப்படும். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, கூலியும் இல்லை. மரம் இலை உதிர்க்கும் மாதங்களில் பாலும் குறையும். புத்தகம் மட்டும் நிரம்பிக்கொண்டே போகும். பட்டணத்து மொத்த வியாபாரியோ தம் பாக்கிக்கு ஆள் அனுப்புவார். இந்த நெருக்கடிக்கு நடுவில்தான் அவர்கள் லுஹர் தொழுதார்கள். கணினியில் பில் போடும் எங்கள் தலைமுறைக்கு அந்தச் சோதனை அவ்வளவாக வரவில்லை. நாங்கள் கடனே கொடுப்பதில்லை!

எழுதிவைப்பது நீதி. அதற்கு இரண்டு ஆயத்து முன்னால், சிரமப்படுபவருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்லி, விட்டுக்கொடுப்பதே மேல் என்கிறான் அல்லாஹ். அது இஹ்ஸான். எழுதாத கடனை யாரால் மன்னிக்க முடியும்? மன்னித்ததை நாலு பேரிடம் சொல்லிக்காட்டாமல் இருப்பது நஃப்ஸோடு நடத்தும் போராட்டம். அதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்பது எங்கள் எண்ணம்.

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. நீலாய், சிரம்பான் பக்கத்துத் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. ஜனங்கள் கலைந்துபோனார்கள். புத்தகங்கள் மட்டும் நம்மில் சிலர் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. அவற்றில் உள்ளவை பெரும்பாலும் இந்துச் சகோதரர்களின் பெயர்கள். விட்டுக்கொடுப்பதில் மார்க்கம் பார்க்க வேண்டியதில்லை.

இந்தப் பொன்விழா ஆண்டில் அந்தப் பாக்கிகளை விட்டுவிடலாமே! ஆனால் அத்தா மவுத்தான பின் அந்தக் கடன் வாரிசுகள் எல்லாருக்கும் சொந்தம். அண்ணன் தம்பி மட்டும் கூடி முடிவெடுக்க முடியாது. உம்மாவையும், கட்டிக்கொடுத்த சகோதரிமாரையும் கேட்க வேண்டும். அவரவர் பங்கை அவரவர்தான் விட முடியும். அதே புத்தகத்தின் பின்பக்கத்தில் அத்தா கொடுக்க வேண்டிய பாக்கி ஏதாவது இருந்தால், அதை முதலில் தீர்க்க வேண்டும்.

இதை நோன்புக்கு முன்பே செய்வோம். பழைய தோட்டத்துக்காரர்கள் சிலர் சிரம்பான் பசாரில் நம்மைக் கண்டால் இன்னும் ஒதுங்கிப் போகிறார்கள். யாராவது போய் அவர்களிடம் சொல்ல வேண்டும்.