வலிப்பு மருந்தும் தோலில் வரும் ஆபத்தும்

(வன்னியில் குடியேறிய தோட்டக் குடும்பங்கள் மத்தியில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலைநாட்டை விட்டு வந்து, வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் இங்கே அதிகம். உங்கள் சொந்தக்காரர் பலர் இன்னும் லயத்தில் இருந்து கொழுந்து எடுக்கிறார்கள். இந்தப் பேச்சு செய்திமடலில் வரும்போது அவர்களும் வாசிப்பார்கள். ஆகவே இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே பேசுகிறோம்.

காக்காய் வலிப்பு என்றதும் கையில் இரும்பைத் திணிக்கிற பழக்கம் நம்மைவிட்டு இன்னும் போகவில்லை. இரும்பு வலிப்பை நிறுத்தாது. கிளினிக் மருந்துதான் நிறுத்தும். ஒழுங்காக மருந்து எடுத்தால் பத்துப் பேரில் ஆறேழு பேருக்கு வலிப்பு அடங்கிவிடும். இதை முதலில் சொல்லி வைக்கிறோம். ஏனென்றால், அடுத்து நாங்கள் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நாளைக்கே யாரும் குளிசையைத் தூக்கி எறியக் கூடாது.

சில வலிப்பு மருந்துகள் எங்கோ சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போய், தோலையே உரித்துவிடும். கார்பமசெப்பின், ஃபெனிடொயின், ஃபீனோபார்பிட்டோன், லாமோட்ரிஜின் என்பவை அந்த வகை. கார்பமசெப்பினைச் சில கடைகளில் டெக்ரெட்டோல் என்பார்கள். முகத்து நரம்பு வலிக்கும் இதே குளிசையைக் கொடுப்பதுண்டு. ஆகவே 'எனக்கு வலிப்பு இல்லையே' என்று இருக்க வேண்டாம்.

1922-ல் அமெரிக்காவில் ஸ்டீவன்ஸ், ஜோன்சன் என்ற இரண்டு வைத்தியர்கள் இரண்டு பையன்களிடம் இந்த நோயைக் கண்டு எழுதினார்கள். அதனால் அவர்கள் பெயரே நோய்க்கும் வந்தது. உடம்பில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாகத் தோல் உரிந்தால் அந்தப் பெயர். பத்தில் மூன்று பங்குக்கு மேல் உரிந்தால் அது இன்னும் கடுமையானது. அந்த நிலைக்குப் போனவர்களில் மூன்றில் ஒருவர் அளவில் இறந்துபோகிறார்கள். பெரிய தீக்காயம் பட்டவரைப் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டிய நோய் இது.

எப்போது வரும்? பெரும்பாலும் புது மருந்து தொடங்கி முதல் இரண்டு மாதத்துக்குள். பல வருஷமாக ஒரே குளிசை போட்டு நன்றாக இருப்பவர் பயப்பட வேண்டியதில்லை.

எப்படி வரும் என்பதில்தான் நம்மவர்களுக்குப் பெரிய கண்டம் இருக்கிறது. முதலில் காய்ச்சல், தொண்டை நோவு, கண் எரிச்சல். தடிமன் என்று நினைப்போம். ஒன்றிரண்டு நாளில் சிவப்புத் தடிப்பு, பிறகு கொப்புளம். உடனே வீட்டில் என்ன சொல்வோம்? 'அம்மாள் வந்திட்டா.' வாசலில் வேப்பிலை கட்டி, ஆளைத் தனியாகப் படுக்கவைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கூடாது என்போம். வலிப்பு வந்துவிடக் கூடாதே என்று அந்தக் குளிசையை மட்டும் தவறாமல் கொடுப்போம். எந்த மருந்து தோலை உரிக்கிறதோ, அதையே வேளைக்கு வேளை ஊட்டுகிறோம். அம்மனை நாங்கள் குறை சொல்லவில்லை. பூசையைப் பிறகு செய்யலாம். ஆளை முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள்.

வாய்க்குள் புண், உதடு வெடித்து இரத்தம், கண் சிவந்து திறக்க ஏலாமை, சிறுநீர் போகும் இடத்தில் புண், தொட்டாலே தோல் நோவு. இவை மருந்தால் வருவதன் அடையாளம். இன்னொரு விதமும் உண்டு. முகம் வீங்கி, கழுத்தில் நெறி கட்டி, கண் மஞ்சளாகும். அது ஈரலைத் தாக்குவது. அதையும் விட்டுவைக்கக் கூடாது. வெறும் அரிப்போடு தடிப்பு வந்தால் பெரும்பாலும் சின்ன விஷயமாகத்தான் இருக்கும். ஆனாலும் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

சொந்த யோசனையில் வலிப்பு மருந்தை நிறுத்தாதே என்று கிளினிக்கில் சொல்வார்கள். சரியான பேச்சு. ஆனால் மேலே சொன்ன அடையாளம் கண்டால் அடுத்த குளிசையைக் கொடுக்காமல், அந்த மணித்தியாலமே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தால் வலிப்பு விடாமல் அடுத்தடுத்து வரும். அதுவும் உயிரைக் கொண்டுபோகும். ஆஸ்பத்திரியில் வேறு வகை மருந்து மாற்றிக் கொடுப்பார்கள். வாகனம் இல்லையென்றால் 1990 என்ற எண்ணுக்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது, காசு கிடையாது. போகும்போது குளிசை மட்டையையும் கிளினிக் கொப்பியையும் மறக்காமல் எடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள், எண்ணெய், பச்சிலை எதுவும் பூசாதீர்கள். கண்ணையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். உயிர் தப்பியும் பார்வை போனவர்கள் உண்டு.

இது நம்மவருக்கு ஏன் கூடுதலாக வருகிறது? வெள்ளைக்காரர் அதிகம் உள்ள நாடுகளில் கார்பமசெப்பின் தொடங்கும் 10,000 பேரில் 1 முதல் 6 பேருக்கு வருகிறது. ஆசிய நாடுகள் சிலவற்றில் அது சுமார் 10 மடங்கு. 2004-ல் தாய்வானில் இந்த நோய் வந்த 44 பேரைச் சோதித்தார்கள். 44 பேருக்கும் ஒரே மரபணு இருந்தது. மருந்து ஒத்துக்கொண்டவர்களில் 100-க்கு 3 பேருக்குத்தான் அது இருந்தது. 2007-ல் அமெரிக்க அரசாங்கம், ஆசிய வழியினருக்கு இந்த மருந்தைத் தொடங்குமுன் இரத்தம் சோதிக்கும்படி சொன்னது. இந்தியாவில் 2009-ல் வெளிவந்த சிறு ஆய்வில் 8 நோயாளரில் 6 பேருக்கு அதே மரபணு. அந்தச் சோதனை நம் கிளினிக்கில் எளிதாக நடக்கும் காரியமல்ல. ஆகவே கண்தான் நமக்குச் சோதனை: புது மருந்து தொடங்கினால் இரண்டு மாதம் தினமும் வாயையும் தோலையும் பாருங்கள்.

லாமோட்ரிஜின் குளிசையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுவார்கள். 'சீக்கிரம் சுகமாகட்டும்' என்று இரண்டாகப் போட்டால் இந்த ஆபத்தைக் கூப்பிட்டு எடுப்பதாகும். நாலைந்து நாள் விட்டுப்போனாலும், பழைய அளவிலேயே திரும்பத் தொடங்காமல் வைத்தியரைக் கேளுங்கள்.

ஒருமுறை வந்து தப்பியவருக்கு அந்த மருந்து ஆயுளுக்கும் ஆகாது. அதன் பெயரைக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதுவியுங்கள். இரத்தவழிச் சகோதரங்களும் புது வலிப்பு மருந்து தொடங்குமுன் இதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். லயத்தில் இருக்கும் தம்பிக்கும் இன்றைக்கே ஒரு போன் எடுத்து அந்தப் பெயரைச் சொல்லிவிடுங்கள்.