தண்ணீரிலும் நம்மை ஒதுங்கச் சொல்கிறார்கள்

(பொன்னேரியில் நடந்த ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

படகு வேகத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் இங்கே இருக்கிற தோழர்கள் சிலர் சிரித்தார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தக் கூலி, செங்கல் சூளையில் கொத்தடிமை, ஊருக்கு ஊர் சுடுகாட்டுப் பாதைத் தகராறு என்று இத்தனை கிடக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை படகு சவாரியா ஒரு சாதிப் பிரச்சினை என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்போம். கொசஸ்தலை ஆறு எண்ணூர் கழிமுகத்தில் கடலோடு சேருகிறது. ஆரணி ஆறு பழவேற்காடு ஏரியில் விழுகிறது. இரண்டையும் பக்கிங்காம் கால்வாய் இணைக்கிறது. ஓதம் ஏறும், வற்றும். தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்து இருளர் பெண்கள் இறங்குவார்கள். படகு கிடையாது, வலை கிடையாது. இடுப்பளவு, சில இடத்தில் மார்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும் என்பதால் பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்வார்கள். அப்படியே நான்கைந்து மணி நேரம். கெளுத்தி முள் குத்தும், சிப்பி கிழிக்கும். அதெல்லாம் தொழிலோடு வருகிறது என்று பொறுத்துக்கொள்கிறார்கள்.

இப்போது அந்த இடத்தில் ஒரு ஃபைபர் படகு முழு வேகத்தில் போகிறது என்று வையுங்கள்.

குனிந்திருப்பவர் முகம் தண்ணீர் மட்டத்தில் இருக்கிறது. வாயில் பறி. அலை வந்து மூக்கில் அடிக்கிறது. நிமிர வேண்டும், பறியைக் கையில் எடுக்க வேண்டும், கால் சேற்றில் புதைந்திருக்கிறது. சேறு கலங்கி இறால் கலைந்துவிடும். தண்ணீர் தெளிந்து இறால் திரும்பிவரக் காத்திருக்க வேண்டும். அதற்குள் அடுத்த படகு வந்துவிடும். வற்றம் முடிந்து தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டால் அன்றைய வேலை அவ்வளவுதான். படகில் போனவருக்கு அரை நிமிட சந்தோஷம், இந்தப் பெண்ணுக்கு அரை நாள் கூலி. இன்னொன்றும் உண்டு. குனிந்து நிற்கும் ஒருவரின் தலை படகில் இருந்து பார்த்தால் மிதக்கிற தேங்காய் மட்டை அளவுக்குத்தான் தெரியும். இஞ்சின் விசிறிக்கு எது மட்டை, எது தலை என்று தெரியாது.

"கொஞ்சம் வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் போனோம்" என்று படகு ஓட்டுபவர்கள் சொல்வார்கள். இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழமே சுமார் ஒரு மீட்டர்தான். ஆழமில்லாத தண்ணீரில் அலை ஓடும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு ஏறக்குறைய 11 கிலோமீட்டர். படகின் வேகம் அந்த எல்லையை ஒட்டி வரும்போது, அது கிளப்பிய அலை விலகிப் போக முடியாமல் படகோடு சேர்ந்தே உயர்கிறது. அதாவது முழு வேகத்தில் இருந்து பாதி வேகத்துக்கு இறக்கினால் அலை குறையும் என்று நம்ப முடியாது, சில சமயம் கூடவும் செய்யும். அலையின் உயரம் இரண்டு மடங்கானால் அதன் ஆற்றல் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. ஆகவே ஆள் நிற்கும் இடத்தில் 'கொஞ்சம் குறைப்பது' ஒரு பலனும் தராது. மனிதர் நடக்கிற வேகத்துக்கு இறக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பக்கமே போகக்கூடாது.

சரி, இதில் சாதி எங்கே வருகிறது?

1893இல் அய்யன்காளி வில்வண்டியில் ஏறி வெங்கானூர்ச் சாலையில் போனார். எதற்காக? அந்தச் சாலையில் வண்டியில் போவது ஒரு சாதிக்கு உரிமை, அந்த வண்டிக்கு ஒதுங்கி வயலில் இறங்கி நிற்பது இன்னொரு சாதிக்குக் கடமை என்று இருந்தது. 1924இல் வைக்கத்தில் பெரியார் சிறைக்குப் போனது கோயில் தெருவில் நடக்கும் உரிமைக்காக. 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் குளத்தில் இறங்கியது தண்ணீரைத் தொடும் உரிமைக்காக. யார் போகலாம், யார் ஒதுங்க வேண்டும், யார் தண்ணீரில் கை வைக்கலாம் என்ற கேள்விகளை நாம் நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வருகிறோம். வேகமும் அதே கேள்விதான். ஒருவன் வேகமாகப் போகிறான் என்றால் யாரோ ஒருவர் அவனுக்காக ஒதுங்கி நிற்கிறார்.

கழிமுகத்தில் இந்த அடுக்கு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கிறது. மேலே துறைமுகக் கப்பலும் இழுவைப் படகும். அதற்குக் கீழே விசைப்படகு. பிறகு இஞ்சின் வைத்த ஃபைபர் படகு. பிறகு பாய் கட்டியும் கோல் ஊன்றியும் போகிற சிறிய படகு. கடைசியில் படகே இல்லாத, தண்ணீரில் நிற்கிற உடம்பு. ஒவ்வொரு படியும் மேலே இருப்பதன் அலையை வாங்கிக் கீழே தள்ளுகிறது. படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னாரே, ஏறு வரிசையில் மரியாதை, இறங்கு வரிசையில் இழிவு என்று. அதைப் படமாக வரைந்து காட்டச் சொன்னால் நான் எண்ணூர் கழிமுகத்தைத்தான் வரைவேன்.

இங்கே மீனவத் தோழர்கள் இருக்கிறீர்கள். கோபப்படாமல் கேளுங்கள். பழவேற்காட்டில் 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் வழக்கம். ஏரியைச் சூறையாடாமல் காத்த நல்ல முறை என்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். அது உண்மை. அந்தப் பாடு பட்டினவர் ஊர்களில் பிறந்தவர்களுக்கு மட்டும் என்பதும் உண்மை. தலித்துகளுக்கும் இருளருக்கும் அதில் பங்கில்லை. ஏரியின் நல்ல இடமெல்லாம் முறைப்பாட்டில் போக, மிச்சமிருக்கும் ஓரமும் சேறும் இருளருக்கு. அந்த ஓரத்தில்தான் படகுகளும் வந்து திரும்புகின்றன. துறைமுகத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் எதிராக மீனவர்களோடு நாம் தோளோடு தோள் நிற்கிறோம், இனியும் நிற்போம். அதற்காக இதைப் பேசாமல் விட முடியாது.

ஒரு விஷயத்தில் உங்கள் அனுபவமே எனக்குச் சாட்சி. விசைப்படகுகள் வந்தபோது கட்டுமரக்காரர்களின் வலை கிழிந்தது, கடலிலேயே மோதல் நடந்தது. அதன் பிறகுதான் 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை விசைப்படகு மீன் பிடிக்கக்கூடாது என்றார்கள். சட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்பது வேறு கதை. ஆனால் பெரிய இஞ்சினுக்கு முன்னால் சின்னக் கலத்துக்கு ஒரு தண்ணீர் ஒதுக்கித் தர வேண்டும் என்ற நியாயத்தை அரசு அன்றே ஒப்புக்கொண்டுவிட்டது. கட்டுமரத்துக்கு ஒப்புக்கொண்ட நியாயத்தை, கட்டுமரம்கூட இல்லாதவருக்குக் கேட்கிறோம்.

அரசின் கண்ணுக்கு இவர்கள் ஏன் தெரிவதில்லை? எழுத்தில் இல்லாததால். படகுக்கு எண் உண்டு, பதிவு உண்டு. கைக்கு என்ன பதிவு? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூரில் எண்ணெய் பரவியது நினைவிருக்கும். குடும்பத்துக்கு ஒரு தொகை, படகுக்குத் தனியாக ஒரு தொகை என்று நிவாரணம் அறிவித்தார்கள். படகு வைத்திருப்பவரின் கருவி படகு, அது கெட்டால் அதற்கு விலை உண்டு. தண்ணீரில் நிற்பவரின் கருவி அவர் கையும் காலும் தோலும். எண்ணெய் அதில்தான் ஒட்டியது. அதற்கு எந்தக் கட்டத்தில் விலை போட்டார்கள்?

பழவேற்காடு பறவைகள் சரணாலயம் 1980இல் அறிவிக்கப்பட்டது. பூநாரைகள் வந்தால் பத்திரிகைகளில் படம் வரும், பறவைகளைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று பலகை இருக்கும். வேண்டாம் என்று சொல்லவில்லை. பூநாரையும் அதே தண்ணீரில் காலூன்றிக் குனிந்து, அலகால் சேற்றைத் துழாவித்தான் சாப்பிடுகிறது. பக்கத்தில் கையால் துழாவுகிறவருக்கும் ஒரு பலகை வையுங்கள் என்கிறோம்.

இப்போது நம் பக்கம் வருவோம். படகில் உட்கார்ந்து "இன்னும் வேகமா, இன்னும் வேகமா" என்று கத்துகிறவர்கள் யார்? எல்லோரும் கார்க்காரர்கள் இல்லை. வாரம் ஆறு நாள் சிப்காட்டில் ஷிப்ட் பார்த்துவிட்டு ஏழாவது நாள் நண்பர்களோடு வருகிற நம் பிள்ளைகளும்தான். காணும் பொங்கலுக்குப் பழவேற்காட்டில் சேருகிற கூட்டத்தில் நம் சேரி இல்லாமலா? அவர்கள் சந்தோஷப்பட வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். காசில்லாதவனுக்கு மெரினாவும் பழவேற்காடும்தான் உல்லாசம். ஆனால் அந்த வேகம் அவர்களையும் விட்டு வைப்பதில்லை. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் சுற்றிப் பார்க்கப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குழந்தைகள், பெண்கள், ஒரே குடும்பத்தில் பலர். அது மீன்பிடிப் படகு. உயிர்காக்கும் உடுப்பு இல்லை. அதன் பிறகு படகு சவாரிக்குத் தடை போட்டார்கள். 2023 மே 7இல் கேரளத்தின் தானூரில் மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. அங்கேயும் 22 பேர். 2024 டிசம்பர் 18இல் மும்பையில் இஞ்சின் சோதனைக்காக வேகமாக ஓடிய கடற்படைப் படகு, எலிஃபெண்டாவுக்குப் பயணிகளை ஏற்றிப்போன படகில் மோதிப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். எல்லாம் கரையிலிருந்து பார்த்தால் அமைதியாகத் தெரிகிற தண்ணீர்.

தடையைப் பற்றி இரண்டு வார்த்தை. தடை என்று காகிதத்தில் இருக்கிறது, சவாரி திருட்டுத்தனமாக நடக்கிறது. திருட்டுத்தனமாக நடக்கிற தொழிலில் விதி இருக்காது. சீக்கிரம் ஏற்றி, சீக்கிரம் இறக்கி, காவலர் வருவதற்குள் அடுத்த நடை. வேகத்துக்குப் பாதிக் காரணம் இதுதான். ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகாதே என்று பழவேற்காடு மீனவர்களுக்குச் சொல்கிறார்கள், ஒரு படகு நகர்வதில்லை. ஆக, அரசு நினைத்தால் படகை நிறுத்தத் தெரியும்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2021 உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இயந்திரப் படகுகளுக்குப் பதிவும் பரிசோதனையும் வேண்டும் என்கிறது. நம் கையில் இன்னொன்று உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தத்தைப் படியுங்கள். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஆற்றையும் ஓடையையும் பொதுவளத்தையும் பயன்படுத்துவதைத் தடுப்பது குற்றம் என்று எழுதியிருக்கிறது. இருளர் பட்டியல் பழங்குடியினர். வேகமாகப் போன ஒவ்வொரு பையன் மீதும் அந்த வழக்கைப் போடச் சொல்லவில்லை. அது நிற்கவும் நிற்காது, நமக்கு அழகும் இல்லை. ஆனால் ஆற்றில் இறங்கிப் பிழைப்பது பழங்குடியினரின் உரிமை என்று சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆகவே மாவட்ட ஆட்சியரிடம் போகும்போது 'அவர்களுக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள்' என்று கெஞ்ச வேண்டியதில்லை. உரிமைக்கு இடையூறு என்று எழுதிக் கொடுக்கலாம்.

என்ன கேட்பது? படகு சவாரியை அனுமதிக்கும் எண்ணம் இருந்தால், அனுமதிக்கு முன்பே, எந்தெந்த இடத்தில் ஆட்கள் இறங்கி இறால் பிடிக்கிறார்கள் என்று வரைபடம் போட வேண்டும். அதைப் போடுவது சுற்றுலாத் துறை அதிகாரி அல்ல, இறங்குகிற பெண்கள். எந்தத் திட்டில் எந்த மாதம் இறால், எந்த நேரம் வற்றம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அந்த இடங்களில் வற்றம் நேரத்தில் எந்த இஞ்சினும் நடை வேகத்தைத் தாண்டக்கூடாது. படகின் எண் தூரத்தில் தண்ணீரில் நிற்கிறவர் கண்ணுக்குத் தெரிகிற அளவில் எழுதியிருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்ன செய்வார் என்று ஒரு தோழர் கேட்டார். நிறம் அடியுங்கள், படம் வரையுங்கள். தேர்தல் சின்னத்தை எழுபது ஆண்டாக வரைகிற நாட்டில் இது பெரிய வேலையா? மேற்பார்வைக் குழு என்று ஒன்று அமைத்தால் அதில் படகு உரிமையாளரும் ஊர்த் தலைவரும் மட்டும் உட்காரக்கூடாது, இருளர் பெண்கள் இருவராவது இருக்க வேண்டும். கூட்டம் வற்றம் நேரத்தில் வைக்கக்கூடாது. சிரிக்கிறீர்கள். வற்றம் நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு, அழைத்தோம், வரவில்லை என்று குறிப்பு எழுதுவார்கள்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்று தமிழ்நாடு முழுக்கக் கிராம சபை கூடும். பழவேற்காட்டைச் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் அத்திப்பட்டுப் பக்கமும் இருக்கிற தோழர்கள், அதற்கு முன் இருளர் குடியிருப்புகளுக்குப் போய் உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்லத் தீர்மானத்தை எழுதுங்கள். நாமே எழுதிக்கொண்டு போய்க் கைநாட்டு வாங்க வேண்டாம். வரைபடத்துக்கு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு போங்கள். போவதற்கு முன் அன்றைய வற்றம் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுப் போங்கள்.