கழற்றிய காற்றுப்பை

தில்லியிலும் மும்பையிலும் புனேயிலும் மோட்டார்ப் பட்டறைகளில் பிழைப்பு நடத்தும் நம்மவர் பலர். அவர்களை எண்ணியே இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டேன்.

‘ஏர்பேக்’ என்பதைக் காற்றுப்பை என்கிறோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல்லில் திருப்தியில்லை. காற்று என்றதும் சைக்கிள் ட்யூப் நினைவுக்கு வருகிறது, அச்சம் அகன்றுவிடுகிறது. ஸ்டியரிங்கின் நடுவே பையுடன் அமர்ந்திருப்பதோ ஒருவகை வெடிமருந்து. மோதலின்போது மின்சாரம் பாய்ந்து அது எரிய, எழும் வாயு ஏறத்தாழ 30 மில்லி விநாடியில் பையை நிரப்பிவிடுகிறது. நம் நாட்டுப் புதிய கார்களில் ஓட்டுநருக்கு 2019 ஜூலை முதலும், முன்னிருக்கைத் துணைப்பயணிக்கு 2021 முதலும் இது கட்டாயமாயிற்று. ஆகவே பட்டறைக்கு வரும் வெடிக்காத பைகள் பெருகவே செய்யும்.

கழற்றுமுன் பாட்டரியின் நெகட்டிவ் இணைப்பை நீக்கவேண்டும். நீக்கியவுடன் கை வைத்தலாகாது. கட்டுப்பாட்டுப் பெட்டியின் மின்தேக்கியில் சிறிது மின்சாரம் தங்கியிருக்கும். அது வடியக் கையேட்டில் குறித்துள்ள நிமிஷங்கள் கழியட்டும். ஒயர் சரியா என மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்பது சிலர் வழக்கம். அந்தச் சொற்ப மின்சாரமே மருந்தைப் பற்றவைத்துவிடலாம்.

தூக்கிச் செல்கையில் மூடி உடம்புக்கு எதிர்ப்புறம் நோக்கியிருக்கவேண்டும். மேஜைமீது வைக்கையில் மூடி மேற்புறம் இருக்கவேண்டும். அதன்மேல் யாதொன்றையும் வைக்கலாகாது. கவிழ்த்து வைத்தது வெடிப்பின், பைக்கு விரிய இடமின்றி, கனத்த உலோகப் பகுதியே மேலே பாயும்.

வெடிக்காத பையைப் பழைய இரும்போடு எடைக்குப் போடுவதை நான் குற்றமென்றே கருதுகிறேன். காஸ் கட்டர் பிடிக்கும் பையன் உள்ளிருப்பதை அறியான். பழைய மாதிரிகளில் சோடியம் அஸைடு என்னும் நஞ்சு உண்டு. அமிலம் பட்டால் நச்சுவாயு எழும். டகாட்டா கம்பெனியின் சில பைகளிலோ அம்மோனியம் நைட்ரேட் இருந்தது. அது வெப்பத்திலும் ஈரத்திலும் ஆண்டுக்கணக்கில் கெட்டு, உலோகக் கூட்டையே சிதறடித்துப் பல நாடுகளில் உயிர்களைக் கொண்டது. இத்தகைய பையைப் பட்டறையில் சோதிக்காமல் கார்க் கம்பெனியிடமே ஒப்புவிக்கவேண்டும்.

மற்றவற்றைப் பயிற்சி பெற்றவர், திறந்த வெளியில், தொலைவிலிருந்து, உரிய கருவிகொண்டு வெடிக்கச் செய்யவேண்டும். பிறகும் சூடு ஆறும்வரை தொடலாகாது. தொடுகையில் கையுறையும் கண்ணாடியும் வேண்டும். இவ்வசதியற்ற சிறு பட்டறைக்காரர் பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்தை நாடலாம்.

ஊரிலிருந்து புதிதாய் வந்த பையனுக்குக் கையேட்டின் ஆங்கிலமும் மேஸ்திரியின் இந்தியும் ஒருங்கே புதிர். பக்கத்தில் நிற்கும் தமிழர் எவரேனும் அவன் மொழியில் ஒருமுறை சொல்லிவைக்கட்டும். இருக்கைப் பெல்ட்டை இறுக்கும் கருவியிலும் இத்தகைய மருந்து உண்டென்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அதனைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.