கையும் முகமும் ஒரே தோலா?



வைகறையில் உளி பிடித்து மரம் சீவும் கைகள் நம்முடையவை. உள்ளங்கையைச் சற்றே தடவிப் பாருங்கள். காய்ப்பேறி உரமாய் இருக்கும். அடுத்துக் கண்ணிமையைத் தொட்டுப் பாருங்கள். மெல்லிய இதழ் போன்றது. இரண்டும் ஓர் உடலின் தோலே. ஆயினும் அமைப்பு வேறு.

கண்ணிமைத் தோலின் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டரே. உள்ளங்காலின் கனமோ அதனினும் பன்மடங்கு. உள்ளங்கையில் மேல்தோல் தடித்திருக்கும். மயிர்க்கால்களும் எண்ணெய்ச் சுரப்பிகளும் அங்கு இல்லை. முகத்திலோ அவை நிறைந்துள்ளன. பூசும் பொருள் உட்புக அவையும் வழியாகின்றன.

1967ஆம் ஆண்டில் ஃபெல்ட்மன், மெய்பக் என்னும் ஆய்வாளர் இருவர் ஹைட்ரோகார்ட்டிசோன் மருந்தைப் பல இடங்களில் தடவி அளந்தனர். முன்கையில் உட்புகும் அளவை 1 எனக் கொண்டால், உள்ளங்காலில் அது 0.14, நெற்றியில் 6, தாடையோரத்தில் 13.

இதனை நாம் ஏன் கூறுகிறோம்? இரவுச் சந்தையில் விற்கும் ‘வெளுப்பு கிரீமை’க் கையில் தடவி, “ஒன்றும் செய்யவில்லையே” என்று முகத்திற்குப் பூசுவோர் உளர். கை தாங்கியதை முகம் தாங்கும் என்பது உறுதியன்று. அத்துடன், சில நஞ்சுகள் எரிச்சலே காட்டாமல் உள்ளே செல்லும்.

பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் கலந்த முகப்பூச்சுகளுக்கு நம் நாட்டில் அனுமதியில்லை. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாயின் கன்னத்தில் முகம் புதைக்கும் குழந்தையையும் அது சென்றடையும். மருத்துவர் மேற்பார்வையின்றி நெடுநாள் பூசப்படும் ஸ்டீராய்டு, மெல்லிய முகத்தோலை மேலும் மெலியச் செய்து, இரத்த நாளங்கள் வெளித்தெரியச் செய்யும்.

ஆகவே, முகப்பூச்சு வாங்குமுன் சுகாதார அமைச்சின் ‘என்ஓடி’ எனத் தொடங்கும் அறிவிப்பு எண் உள்ளதா எனப் பாருங்கள். எண் போலியாகவும் இருக்கலாம்; ஐயமிருப்பின் மருந்தாளரிடம் கேளுங்கள். ஏற்கெனவே பூசி வருவோர், டப்பாவையும் எடுத்துக்கொண்டு அரசாங்க கிளினிக்கிற்குச் செல்லுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை.

வெயிலில் உழைக்கும் நமக்குத் தோலின் கருமை இயற்கை அளித்த குடையாகும். அதனைக் காசு கொடுத்துக் கிழித்தெறிய வேண்டா.