"பிள்ளை யாருக்கு?" - குடும்ப நீதிபதி உருவாகும் வழி



ஓர் இல்லத்தில் மணமுறிவு என்று கேள்விப்பட்டவுடன் நம்மவர் கேட்கும் முதற்கேள்வி, "பிள்ளை யாருக்கு?" என்பதாகும். வீடு யாருக்கு, நகை யாருக்கு என்று கேட்பதற்கும் இதற்கும் இலக்கணத்தில் வேறுபாடு இல்லை. அதே நான்காம் வேற்றுமை உருபு. அதே உடைமைப் பொருள். குடும்ப நீதிபதியாக வர விரும்புபவர் முதலில் மறக்கக் கற்க வேண்டியது இக்கேள்வியையே. இன்றைய உரையில் அவர் நடந்துவரும் வழியைச் சிங்கப்பூரை வைத்தே பேச எண்ணுகிறேன்.

வழியின் தொடக்கம் எல்லா வழக்கறிஞர்க்கும் பொதுவானது. சட்டப் பட்டம், வழக்கறிஞர் தேர்வு, தொழிற்பயிற்சி என்று அது செல்லும். 2017இல் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட சட்டப் பள்ளி, குற்றவியலுக்கும் குடும்பச் சட்டத்திற்கும் ஆள் வேண்டும் என்பதற்காகவே அமைக்கப்பட்டது. வணிகச் சட்டத்தை நாடுவோர் மிகுந்த ஊரில் இது குறிப்பிடத்தக்க முடிவு. அதன்பின் சிலர் நீதித்துறைச் சேவையில் சேர்கின்றனர். சிலர் பல்லாண்டு வழக்காடிய பிறகு நீதிபதியாகின்றனர். மாவட்ட நீதிபதி ஆவதற்குக் குறைந்தது 7 ஆண்டும், உச்ச நீதிமன்ற நீதிபதி ஆவதற்கு 10 ஆண்டும் சட்டத் தகுதி பெற்றவராக இருந்திருக்க வேண்டும்.

வேறொரு வாயிலும் உண்டு. நீதிபதி டெபி ஓங் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் குடும்பச் சட்டம் கற்பித்தவர். 2014இல் நீதித்துறை ஆணையராகி, பின்னர்க் குடும்ப நீதிமன்றங்களின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். வகுப்பறையிலிருந்து நீதியிருக்கைக்குச் சென்றவர் ஒருவர் உண்டு என்பதை இங்குள்ள ஆசிரியர்கள் சற்றே பெருமையுடன் நினைத்துக்கொள்ளலாம்.

இத்துறைக்கெனத் தனி மன்றமே நம் நாட்டில் பிந்தி வந்தது. மாதர் சாசனம் 1961இல் இயற்றப்பட்டது. குடும்ப நீதிமன்றம் 1995இல் அமைந்தது. உயர் நீதிமன்றத்தின் குடும்பப் பிரிவு, குடும்ப நீதிமன்றங்கள், இளையர் நீதிமன்றங்கள் ஆகியவை 2014இல் ஓர் அமைப்பின்கீழ் வந்தன. முஸ்லிம்களின் மணவிலக்கு ஷரியா நீதிமன்றத்திற்கு உரியது.

தகுதியும் ஆண்டுக் கணக்கும் ஏட்டில் கிடைக்கும். கடினமானது, கற்றதைக் கைவிடுவதே. வழக்கறிஞர் பயிற்சி முழுவதும் எதிர்த்தரப்பின் சொல்லில் ஓட்டை காணும் பயிற்சி. ஒப்பந்த வழக்கில் அது பயன்படும். தீர்ப்புக்குப் பின் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே வேண்டியதில்லை. பிள்ளையுள்ள தம்பதியர் அவ்வாறு பிரிந்துவிட இயலாது. பள்ளி ஆண்டுவிழா, மருத்துவமனைக் கட்டில், பின்னாளில் மணமேடை என்று எத்தனையோ இடங்களில் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும். ஆகவே நீதிபதியே வழக்கை நடத்திச் செல்கிறார். எவற்றை விசாரிக்க வேண்டும், எவை வீண்பழி என்று வரையறுக்கிறார். ஆலோசகரிடமும் சமரசப் பேச்சுக்கும் அனுப்புகிறார். 2024 ஜூலை 1 முதல், இருவரும் ஒப்புக்கொண்டு மணமுறிவு கோரவும் சட்டம் இடமளிக்கிறது. குற்றம் யாருடையது என்று நிறுவியே ஆக வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

இங்கே ஒரு தடை எழக்கூடும். இவ்வளவு மென்மை காட்டினால், அடிபட்டவரின் குறை கேட்கப்படாமல் போகாதா? நியாயமான ஐயமே. வன்முறை இருந்த வீட்டில் "பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்பது கொடுமை. எந்த வீட்டில் சமரசம் மருந்து, எந்த வீட்டில் பாதுகாப்பு ஆணையே மருந்து என்று பிரித்தறிவதற்கே இந்நீதிபதியின் அனுபவம் முழுவதும் தேவைப்படுகிறது. அதைத் தேர்வு வைத்து அளக்க முடியாது.

சொத்துப் பிரிவினையிலும் இவர்களது பணி எண்ணத்தக்கது. சம்பளம் வாங்கியவர் கணக்குக் காட்டலாம்; சமைத்தவரும் பிள்ளை வளர்த்தவரும் எந்தப் பற்றுச்சீட்டைக் காட்டுவர்? 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பணப் பங்களிப்பையும் பணமல்லாப் பங்களிப்பையும் தனித்தனியே எடைபோடும் முறையொன்றை வகுத்தது. இரண்டாண்டு கழித்து அந்நீதிமன்றமே, ஒருவர் மட்டும் சம்பாதித்த நெடுநாள் மணவாழ்வுக்கு அம்முறை பொருந்தாது என்றது. இல்லாளுக்கு அது நியாயம் செய்யாது என்பதே காரணம். அத்தகைய மணவாழ்வில் சமபங்கை நோக்கியே நீதிமன்றங்கள் செல்லும் என்றும் கூறியது. இரண்டாண்டுக்குள் தன் அளவுகோலின் எல்லையைத் தானே சொல்ல ஒரு நீதிமன்றத்திற்குத் துணிவு வேண்டும்.

இனி நம் மொழிக்கு வருவோம். பெற்றோர் பிரிந்தபின் பிள்ளையைப் பற்றி நீதிமன்றம் மூன்று கேள்விகளுக்கு விடை காண்கிறது. கல்வி, சமயம், மருத்துவம் போன்ற பெரிய முடிவுகளை எடுப்பவர் யார்? பிள்ளை அன்றாடம் யாருடன் வாழும்? மற்றவர் எப்போது சந்திப்பார்? முதலாவது பொறுப்பு இருவருக்கும் சேர்ந்தே இருப்பது நல்லது என்பதை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005லேயே வலியுறுத்திவிட்டது. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் மூன்று சொற்கள். தமிழிலோ பலர் எல்லாவற்றையும் "காவல்" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றனர். சிறைக்கும் அதுவே, காவலருக்கும் அதுவே. "அன்றாடப் பராமரிப்பு தந்தையிடம்" என்ற ஆணையை மொழிபெயர்ப்பாளர் "காவல் தந்தைக்கு" என்று சொல்லிவிட்டால், சாட்சிக் கூண்டுக்கு அப்பால் நிற்கும் தாய் தன் பிள்ளையையே இழந்துவிட்டதாக எண்ணுவாள். சட்டப்படி அவள் இழக்கவில்லை. அவளை உடைத்தது ஒரு சொல். "முடிவெடுக்கும் பொறுப்பு", "அன்றாடப் பராமரிப்பு", "சந்திக்கும் நேரம்" என்று தெளிவாகப் பிரித்துச் சொல்லத் தமிழில் என்ன குறை? சட்டம் பயில எண்ணும் மாணவர் தமிழைத் தேர்வோடு விட்டுவிடலாகாது என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

இத்தீர்ப்புகளைப் படிப்போர் ஒன்றைக் காண்பர். கணவன், மனைவி, பிள்ளை எவருக்கும் பெயர் இராது. வழக்கின் தலைப்பே மூன்று ஆங்கில எழுத்துகள், எதிர், இன்னும் மூன்று எழுத்துகள். நமக்கு இது புதிதன்று. அகத்திணையில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டலாகாது என்று தொல்காப்பியம் விதித்துள்ளது. அகத்தில் நிகழ்வது ஊராரின் நாவுக்கு இரையாகலாகாது என்ற எண்ணம் இரண்டிலும் உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது.

சில வேளைகளில் நீதிபதி பிள்ளையைத் தம் அறைக்கு அழைத்துப் பேசுவதுண்டு. பள்ளியைப் பற்றிக் கேட்பார். நண்பர்களைப் பற்றிக் கேட்பார். தூங்கும் நேரத்தைக் கேட்பார். "உனக்கு அம்மா வேண்டுமா, அப்பா வேண்டுமா?" என்று மட்டும் கேட்கமாட்டார்.