அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு கணக்கு

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் வீடு பார்த்துக்கிட்டு இருக்கீங்களா? பலரும் விலையை மட்டும்தான் கணக்குப் போடுறாங்க. பத்திரச் செலவு அப்புறம்தான் நினைவுக்கு வருது.

20 லட்சம் ரூபாய் வீடுன்னு வைச்சுக்குவோம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இரண்டும் சேர்த்து 1 லட்சத்து 80 ஆயிரம். வங்கி அதிகபட்சம் 90 சதவீதம், அதாவது 18 லட்சம் வரைதான் கடன் தரும். பத்திரச் செலவு அதில் சேராது. ஆக, உங்கள் கையில் குறைந்தது 3 லட்சத்து 80 ஆயிரம் இருக்கணும். இல்லைன்னா கடைசி நேரத்தில் வட்டிக்கு வாங்க வேண்டியிருக்கும். சொன்ன தேதிக்குள் கிரயம் முடியலைன்னா, கொடுத்த அட்வான்ஸே சிக்கலாகிடும்.

அரசின் வழிகாட்டி மதிப்பு, பேசிய விலையைவிட அதிகமாக இருந்தால், அந்த மதிப்புக்குத்தான் தீர்வை. அதையும் வில்லங்க விவரத்தையும் பதிவுத்துறை இணையதளத்தில் போனிலேயே இலவசமாகப் பார்க்கலாம்.

இன்னொரு விஷயம். 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால், 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. 10 லட்சத்துக்கு 10 ஆயிரம் மிச்சம்.

இதையெல்லாம் பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்க.